நாற்பத்து மூன்று தலைவர்களும் ஓர் ஏணியும்

கடிதம் பழுப்பு உறையில் வந்தது. அதைக் கிழித்தால் உள்ளே இன்னொரு பழுப்பு உறை. அதன் வாயில் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை அழுத்தி, போதாதென்று ஒட்டுநாடாவும் சுற்றியிருந்தார்கள். இடது மூலையில் 'மிக இரகசியம்', வலது மூலையில் 'முகவரியாளர் மட்டும் திறக்கவும்'. முகவரி: தலைவர், தோட்ட வலையமைப்பு, கீழ்ப்பிரிவு, பன்வில.

அப்படியொரு தலைவர் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இல்லை. தபால்காரர் முதலில் கோயில் கமிட்டித் தலைவரிடம் கொண்டுபோனார். அவர் அரக்கைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மரண உதவிச் சங்கத் தலைவர் வீட்டைக் காட்டினார். மரண உதவி, தொழிற்சங்கத்தைக் காட்டியது. தொழிற்சங்கத் தலைவர் அரக்கு வைத்த கடிதம் வரும் நாட்களில் வீட்டில் இருப்பதில்லை. கடைசியில் அது இருளப்பன் கைக்கு வந்து சேர்ந்தது. காரணம் எளியது. வலையமைப்பு என்று சொல்லப்பட்ட சாமான் கூரைகளில் இருந்தது. தோட்டத்தில் உருப்படியான ஏணி இருளப்பனிடம் மட்டுமே இருந்தது.

இருளப்பனுக்கு நாற்பத்தெட்டு வயது. 'ஸ்டோர்' என்று எல்லோரும் சொல்லும் தேயிலை ஆலையில் மின்சார வேலை. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் பல்பு போனாலும், துரை பங்களாவில் மணி அடிக்காவிட்டாலும் அவர்தான் ஏறுவார். அதிகாலையில் ஆலைச் சங்கை ஊதுகிறவரும் அவர்தான். அதிகாரம் என்று அவரிடம் இருந்தது அந்தச் சங்கு விசை ஒன்றுதான்.

வலையமைப்பு வந்த கதை சிரிப்புக்குரியதல்ல. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போன வருஷ ஐப்பசி மழையில் தொலைபேசிக் கோபுரம் நான்கு நாள் செத்துக் கிடந்தது. மேல்பிரிவில் ஆறாம் நம்பர் மலையில் மண் வெடித்திருந்ததைக் கண்டவர்கள் மேலே நின்றார்கள். சங்கு ஊதுகிறவர் கீழே இருந்தார். நடுவில் மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரம். சொல்ல ஓடிவந்தவன் ஆலை வாசலை மிதித்தபோது மண் ஏற்கெனவே இறங்கிவிட்டது. ஒரு லயத்தின் கடைசி இரண்டு காம்பரா வீடுகளும் உள்ளே இருந்த மூன்று பேரும் போனார்கள். பிறகு பல பெரிய மனிதர்கள் வாகனங்களில் வந்து மண்ணைப் பார்த்தார்கள். மண்ணும் அவர்களைப் பார்த்தது.

அதற்குப் பிறகுதான் இருளப்பன் அக்குறணைக்குப் போனார். அங்கே போன் திருத்தும் கடை வைத்திருக்கும் ருஷ்தி, ஆட்கள் தூக்கியெறிந்த பழைய வைஃபை பெட்டிகளைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். கம்பனி உள்ளே வைத்திருந்த மென்பொருளை வழித்து எறிந்துவிட்டு, வேறொன்றை ஏற்றிக் கொடுத்தார்.

"ருஷ்தி நானா, இது யாரோட சாமான்?" என்று கேட்டார் இருளப்பன்.

"ஒருத்தருடையதும் இல்ல அண்ணன். ஒலகத்தில எங்கெங்கயோ ஈக்கிற ஆக்கள் சேந்து எழுதின. எடுக்கலாம், பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்கும் குடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனதான் ஈக்கி. நாம மாத்தினத ஒளிச்சி வெக்கப்படாது."

நாற்பத்து மூன்று வீட்டுக் கூரைகளில் நாற்பத்து மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றும் பக்கத்துப் பெட்டியோடு மட்டும் பேசும். மேல்பிரிவில் ஒருத்தி போனில் தட்டினால் செய்தி வீட்டுக்கு வீடு தாவிக் கீழே வரும். கோபுரம் வேண்டாம். ஒரு பெட்டி செத்தால் அடுத்த வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். செய்திக்குப் பூட்டும் உண்டு: அனுப்பியவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் எந்த வீட்டாரும் வாசிக்க முடியாது. இந்தப் பூட்டைக் கேட்டது இருளப்பனின் மனைவி பாப்பம்மா.

"எம்மக எனக்கு எழுதுறத அடுத்த காம்பராக்காரி படிப்பான்னா, பொட்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம். உங்க ஏணிய நீங்களே வச்சிக்கிங்க."

லயத்துச் சுவர் ஒரு தும்மலைக்கூட மறைக்காது. அந்தச் சுவர்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர்கள், ஒரு வார்த்தை அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் போய்ச் சேர்வதை அப்போதுதான் முதல் தடவையாகக் கண்டார்கள். அவர்களின் மகள் ஷாமலா மேல்பிரிவில் வாழ்க்கைப்பட்டவள். ஏழு மாதக் கர்ப்பிணி. ஆறாம் நம்பர் மலை அவள் வீட்டுப் பின்கதவுக்கு மேலேதான் இருந்தது.

இருளப்பன் அரக்கை உடைத்துக் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். "தங்கள் வலையமைப்பில் செய்திகள் பூட்டப்பட்டு அனுப்பப்படுவதாக அறியக் கிடைக்கிறது. ஒளிவுமறைவற்ற சமூகமொன்றில் இது விரும்பத்தக்கதன்று. விளக்கமளிக்கச் சமூகமளிக்கவும். இக்கடிதத்தின் உள்ளடக்கத்தை எவருக்கும் வெளிப்படுத்தலாகாது."

பாப்பம்மா உறைகளைப் புரட்டிப் பார்த்தாள். "பூட்டக் கூடாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு இத்தன பூட்டு?"

மாகாண மின்னியல் நம்பிக்கைப் பணியகம் கண்டி நகரை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இயங்கியது. இயங்கியது என்பது பெயர்ப்பலகையில் இருந்த சொல். எழுதுவினைஞர் நிலூஷா படிவத்தை எடுத்து இருளப்பன் முன் வைத்தாள்.

"உரிமையாளர் பெயர்?"

"அப்படி ஆளு இல்லீங்க மிஸ்."

"தலைவர்?"

"அதுவும் இல்லீங்க."

"தலைமையகம் எங்க?"

இருளப்பன் யோசித்தார். "ஒவ்வொரு வீட்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்குதுங்க."

நிலூஷா பேனாவை மூடினாள். "அண்ணே, தலைவர் கட்டம் வெறுமையா இருந்தா கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. நீங்க உள்ள போய் சேர்கிட்டப் பேசிட்டு வாங்க. அவருக்குப் பேச விருப்பம்."

பணிப்பாளர் யாகப்பர் இருக்கச் சொன்னார். அறையில் இருந்த ஒரே கதிரையில் அவர் உட்கார்ந்திருந்ததால் இருளப்பன் நின்றார்.

"ஒரு அமைப்பெண்டா நடு இருக்க வேணும்," என்றார் பணிப்பாளர். "இந்தப் பணியகத்தைப் பாருங்கோ. எல்லாக் கோப்பும் ஒரே கணினியில. அந்தக் கணினி ஒரே அறையில. அறைத் திறப்பு ஒண்டு, அது என்னட்ட. கடவுச்சொல் ஒண்டு, அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதால பதினொரு வருசமா நான் லீவு எடுத்ததில்லை. ஒருக்கா டெங்கு வந்து ஆறு நாள் கிடந்தன். ஆறு நாளும் பணியகம் அசையேல்லை. ஒரு தாள் வெளியில போகேல்லை. அதுதான் நடுவின்ர பலம். விளங்குதோ?"

"விளங்குதுங்க சேர். எங்களோடதுல ஒரு வீடு செத்துப்போனா அடுத்த வீட்டு வழியா போயிரும்."

"அதுதானே பிரச்சினை. ஒருத்தர் இல்லாட்டிலும் வேலை நடக்குமெண்டா, அந்த ஒருத்தருக்கு என்ன மரியாதை?"

இருளப்பன் அந்த ஒருத்தரைப் பற்றி இதுவரை யோசித்ததில்லை.

"அடுத்தது இந்தப் பூட்டு. நேர்மையான மனுசனுக்குப் பூட்டு என்னத்துக்கு?" என்று கேட்டபடி பணிப்பாளர் இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து, மேசை லாச்சியைத் திறந்து, உள்ளிருந்த இரும்புப் பெட்டியை வேறொரு திறப்பால் திறந்து, றப்பர் முத்திரையை வெளியே எடுத்தார். "பதியாட்டில் இந்த மாத முடிவில பெட்டி எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போவம். கழட்ட ஏணி உங்களிட்ட இருக்குத்தானே?"

ஐப்பசி மழைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

வெளியே வந்த இருளப்பன் நிலூஷாவிடம், தலைவர் என்றால் சட்டப்படி யார் என்று கேட்டார். அவள் பதினான்காம் சுற்றறிக்கையைத் தேடி எடுத்து வாசித்தாள்: "தலைவர் எனப்படுபவர், அமைப்பின் இயங்கு உபகரணத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் ஆவார்." சுற்றறிக்கையை எழுதியவர் யாகப்பர். எழுதியபோது அவர் தன்னையும் தன் கணினியையும் நினைத்திருக்க வேண்டும்.

இருளப்பன் உண்மையை எழுதப் பழகியவர். இணைப்புத்தாள் கேட்டு வாங்கி, பெட்டியைப் பொறுப்பில் வைத்திருக்கும் நாற்பத்து மூன்று பேரின் பெயர்களையும் வரிசையாக எழுதினார். பதினேழாம் வீட்டுக்கு நேரே தன் பெயரை எழுதப் போனவர், ஒரு கணம் நிறுத்தி, 'பாப்பம்மா' என்று எழுதினார். அதுவும் உண்மைதான்.

கணினி அடுத்த பக்கத்துக்குப் போனது.

பத்து நாள் கழித்து நாற்பத்து மூன்று பதிவுத் தபால்கள் தோட்டத்துக்கு வந்தன. 'தலைவருடனான கலந்துரையாடல்.' தபால்காரர் கூலிக்கு ஒரு ஆட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று. நாற்பத்து மூன்று தலைவர்களும் ஒரே நாளில் லீவு கேட்டதால் அன்று ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்க ஆளில்லை. கங்காணி கேட்டதற்கு, "தலைவருங்களுக்குக் கூட்டம் இருக்கு, வழி விடுங்க," என்றாள் பாப்பம்மா. இருளப்பன் யாருக்கும் தலைவர் அல்ல. வழி காட்டத் தெரியும் என்பதால் கூடப் போனார்.

சிக்கல் மண்டபத்தில் தொடங்கியது. பணியகத்தின் ஒன்பதாம் சுற்றறிக்கைப்படி, பதியப்படவிருக்கும் அமைப்பின் தலைவரை வெற்றிலை கொடுத்து வரவேற்று, மேடையில் இருத்த வேண்டும். மேடையில் மூன்று கதிரைகள் இருந்தன. பியோன் கீழே இருந்த கதிரைகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினான். இருபதாவது கதிரைக்குப் பிறகு குத்துவிளக்கைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. முப்பதாவதுக்குப் பிறகு பணிப்பாளரின் ஒலிவாங்கி திரைச்சீலைக்குள் போய்விட்டது. வரவேற்பு முடிய ஒரு மணி நேரம். கடைசியில் மேடை நிறையத் தலைவர்கள்; கீழே ஒரு கதிரைகூட இல்லாத மண்டபம். அங்கே இருளப்பன் மட்டும் ஒரு தூணில் சாய்ந்து நின்றார்.

"பெருந்திரளாக வருகை தந்திருக்கும் சபையோரே," என்று தொடங்கினார் பணிப்பாளர், தயாரித்த உரையிலிருந்து கண்ணை எடுக்காமல். இருளப்பன் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. ஆகவே நிமிர்ந்து நின்றுகொண்டார்.

"மக்கள் தமக்குள் தாமே பேசிக்கொள்வது நல்லதே. ஆனால் அதை யாரேனும் பொறுப்பான ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாமா? கேட்பாரற்ற பேச்சு அநாதைப் பேச்சு அல்லவா? உங்கள் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு தகப்பன் வேண்டும். அந்தப் பொறுப்பை இந்தப் பணியகம், பணிச்சுமையைப் பொருட்படுத்தாது, ஏற்க முன்வந்துள்ளது. இனி உங்கள் செய்திகள் யாவும் இங்கு நிறுவப்படும் தலைமைப் பெட்டிக்கு வந்து, வாசிக்கப்பட்டு, முத்திரையிடப்பட்டு, உரியவருக்கு அனுப்பப்படும். பூட்டு அகற்றப்படும்."

சபையோர் கைதட்டவில்லை. கை இரண்டிலும் பாப்பம்மாவின் குடையும் சாப்பாட்டுப் பையும் இருந்தன.

நிகழ்ச்சிநிரலில் அடுத்தது 'தலைவர் உரை, ஐந்து நிமிடம்'. ஒருவருக்கு ஐந்து என்றால் மூன்றரை மணி நேரம் என்று கணக்குப் பார்த்த பணிப்பாளர் அரை நிமிடமாகக் குறைத்தார். பதினேழாவதாகப் பாப்பம்மா எழுந்தாள்.

"ஐயா, மழ நாள்ல மேல மண்ணு வெடிச்சா எம்மக எங்களுக்குச் சொல்லணும். அவ கண்டிக்குச் சொல்லி, கண்டி அதப் படிச்சி, குத்த வேண்டியதக் குத்தி எங்களுக்கு அனுப்புறதுக்குள்ள மண்ணு வந்து சேந்துரும். அதுக்கு முத்திரையும் வேணாம், பூட்டும் வேணாம். எங்க பொட்டி எங்க ஊட்டுல கெடக்கட்டும்."

"தலைவியின் கருத்து நன்றியுடன் குறித்துக்கொள்ளப்பட்டது," என்றார் பணிப்பாளர்.

இருளப்பன் எட்டிப் பார்த்தபோது நிலூஷாவின் மடியில் இருந்த கூட்டக் குறிப்பில், 'அனைத்துத் தலைவர்களும் தலைமைப் பெட்டியை வரவேற்று மகிழ்ச்சி தெரிவித்தனர்' என்று இருந்தது.

"அது நேத்தே அடிச்சாச்சு அண்ணே," என்றாள் அவள் மெதுவாக.

தலைமைப் பெட்டிக்குப் பதினான்கு நாள் பரீட்சார்த்த ஓட்டம். மறுத்தால் பெட்டிகளைக் கழற்றுவார்கள். இருளப்பன் ருஷ்தியிடம் போய் நின்றார். ருஷ்தி கேட்டுக்கொண்டே ஒரு போனின் முதுகைக் கழற்றினார்.

"மாத்தித் தாரன் அண்ணன். இது மாத்துறதுக்கு எண்டே எழுதின சாமான்தானே. ஆனா ஒன்டு. நான் மாத்தினத அவங்களுக்குக் காட்டாம விடமாட்டன்."

மாற்றினார். பணியகம் மென்பொருளை மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்கச் சொல்லியிருந்ததால் முழுவதையும் தாளில் அச்சடித்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம், மூன்று பிரதி. சாக்கில் கட்டி ஏணி தூக்கும் தோள்களில் ஏற்றி இருளப்பன் மூன்று மாடி ஏறினார்.

"வாசிச்சிப் பாருங்க சேர்," என்றார் கூடவே வந்திருந்த ருஷ்தி. "ஒளிச்ச ஒன்டும் இல்ல. நான் கை வெச்ச எடத்துக்கெல்லாம் பக்கத்தில தமிழ்லயே எழுதீக்கேன். விளங்காட்டி கேளுங்க, சொல்லித் தாரன்."

"எனக்கு நீர் சொல்லித்தாறதோ?" என்றார் பணிப்பாளர்.

பணியகத்தின் வழக்கப்படி, சமர்ப்பிக்கப்படும் ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 'வாசித்துப் பரிசீலித்தேன்' என்ற முத்திரையும் பணிப்பாளரின் கையொப்பமும் இருக்க வேண்டும். அவர் நான்கு நாள் வேறு வேலை பார்க்காமல் ஒப்பமிட்டார். முதல் நாள் அது 'சூ. யாகப்பர்' என்று தெளிவாக இருந்தது. இரண்டாம் நாள் 'யா' மட்டும் எஞ்சியது. மூன்றாம் நாள் ஒரு புழு. நான்காம் நாள் அந்தப் புழுவின் நினைவு. ஒரு பக்கத்தையும் விடவில்லை. ஒரு வரியையும் வாசிக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், 'தலைமைப் பெட்டி அரை நிமிடம் பேசாவிட்டால் வழக்கம்போலப் பக்கத்து வீட்டைக் கேள்' என்று சுத்தத் தமிழில் இருந்தது. அதன்மேல் புழு படுத்திருந்தது.

பரீட்சார்த்தம் தொடங்கியது. பூட்டுகள் அகற்றப்பட்டன. தோட்டத்தில் ஒருவர் தட்டும் ஒவ்வொரு செய்தியும் கோபுரம் வழியாகக் கண்டிக்குப் போய், அங்கே அச்சிடப்பட்டு, இலக்கமிடப்பட்டு, வாசிக்கப்பட்டு, 'பார்வையிடப்பட்டது' என்று முத்திரை குத்தப்பட்ட பிறகு திரும்பி வந்தது. முத்திரை குத்தியவள் நிலூஷா. நாளுக்கு எண்ணூறு செய்தி. அவள் கையால் ஆனது இருநூறு.

இரண்டாம் நாளே பணிப்பாளர் ஒரு செய்தியை நிறுத்தி வைத்தார். 'கருவாட்ட உள்ள எடுத்து வை. பூன சுத்துது.'

"இந்தப் பூனை ஆர்?" என்று கேட்டார்.

பொருள் விளக்கக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. கருவாடு, பூனை, சுத்துதல் ஆகிய மூன்று சொற்களுக்கும் தனித்தனி உபகுழு. மேல்பிரிவுக்குக் கடிதம் வந்தது: பூனையின் உரிமையாளர் உரிய ஆவணங்களுடன் சமூகமளிக்கவும். கருவாடு அதற்குள் போய்விட்டது. பூனையும் ஆள்மாறாட்டம் செய்து வேறு லயத்துக்குக் குடிபோயிருந்தது.

தோட்டத்தில் காலம் குழம்பியது. 'சாப்பிட வாங்க' என்று திங்கட்கிழமை பாப்பம்மா அனுப்பிய செய்தி வெள்ளிக்கிழமை ஆலையில் இருளப்பனுக்கு வந்தது. அவர் நம்பி வீட்டுக்குப் போய் அடுப்பில் சாம்பலைப் பார்த்தார். கல்யாணம் பேசப் போன வீட்டாருக்குச் 'சம்மதம்' என்று அனுப்பியவர்கள், பதில் தாமதித்ததால் கோபித்துக்கொண்டு அனுப்பிய 'வேண்டாம்' முதலில் போய்ச் சேர்ந்தது. அது குறுகிய செய்தி, சீக்கிரம் வாசித்துவிட்டார்கள்.

பாப்பம்மா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்காதது ஒன்று. ஒவ்வொரு காலையும் ஷாமலா, 'நல்லா இருக்கேம்மா' என்று அனுப்புவாள்.

"நாலு நாளைக்கு முன்னாடி நல்லா இருந்திருக்கா," என்றாள் பாப்பம்மா போனைப் பார்த்து. "இன்னிக்கி எப்படி இருக்கான்னு வர்ற செவ்வாக்கெழம தெரியும்."

இருளப்பன் வானத்தைப் பார்த்தார். அது ஹந்தானை மலைப் பக்கம் கறுத்து வந்தது.

பதினோராம் நாள் மழை பிடித்தது. அன்றுதான் பணிப்பாளர் நினைவுக்கல் திறக்க நாள் குறித்திருந்தார். கருங்கல்லில் தங்க எழுத்து: 'தலைமைப் பெட்டித் திட்டம்.' அதைப் பதித்திருந்த இடம் மேல்பிரிவில் பிள்ளை மடுவத்தின் பின்சுவர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. தோட்டத்திலேயே மிக உயரத்தில் இருந்த கட்டடம் என்பதால் தெரிவுசெய்யப்பட்டது. அதற்கும் மேலே ஆறாம் நம்பர் மலை இருந்தது. மழை கொட்டியும் விழா ஒத்திவைக்கப்படவில்லை. அழைப்பிதழில் ஒத்திவைக்க இடமிருக்கவில்லை. வாகனம் மேலே ஏற மறுத்து, சாரதியுடன் துரை பங்களாவிலேயே நின்றுவிட்டது. பணிப்பாளர், படப்பிடிப்பாளர், தட்டில் கத்தரிக்கோல் ஏந்திய பியோன் மூவரும் குடையோடு நடந்து ஏறினார்கள்.

இருளப்பன் ஆலையில் சங்கு விசைக்குப் பக்கத்தில் நின்றார். அவரை யாரும் அங்கே நிற்கச் சொல்லவில்லை. மத்தியானம் வரை போனில் ஞாயிற்றுக்கிழமைச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. இரண்டரை மணிக்குக் கோபுரம் செத்தது. வழக்கம்தான். மழை பெய்தால் அது சாகும். கண்டியில் தலைமைப் பெட்டி வாயை மூடியது. இருளப்பன் போனைப் பார்த்தபடி மனதுக்குள் எண்ணினார். ஒன்று, இரண்டு. முப்பது வரை எண்ணுவது அவ்வளவு நீளமான வேலை என்று அவருக்கு அதுவரை தெரியாது.

போன் கீச்சென்றது. மறுபடி. மறுபடி. பெட்டிகள் பக்கத்து வீட்டைக் கேட்கத் தொடங்கியிருந்தன. வந்தவை எல்லாம் அன்றைய செய்திகள், முத்திரை இல்லாதவை. நான்காவது ஷாமலாவுடையது.

'அப்பா ஆறாம் நம்பர்ல மண்ணு வெடிச்சிருக்கு. கை போற அகலம். சங்கு ஊதுங்க.'

இருளப்பன் விசையைக் கீழே இழுத்து, அதன்மேல் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினார். சங்கு அலறியது. மேல்பிரிவின் நாலு லயங்களிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். மடுவத்துப் பிள்ளைகளை ஆளுக்கு இரண்டாக இடுப்பில் ஏற்றிக்கொண்டு பெண்கள் இறங்கினார்கள். ஷாமலாவை அவள் புருஷனும் இன்னொருவனும் கதிரையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அது பணிப்பாளருக்குப் போட்டிருந்த கதிரை. உரையின் இரண்டாம் பக்கத்தில் இருந்த பணிப்பாளர், சபையோர் ஓடுவதைக் கண்டு, முதலில் அது தன் உரைக்கு எதிர்ப்பு என்று நினைத்தார். பிறகு மலையைப் பார்த்தார். பிறகு அவரும் சபையோர் ஆனார்.

நாலே கால் மணிக்கு மண் இறங்கியது. கீழ்ப்பிரிவுப் பள்ளிக்கூடத்தில் நின்ற எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. இருளப்பன் வாசலில் நின்று தலைகளை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள். மடுவத்தின் பின்சுவரும் தங்க எழுத்துக் கருங்கல்லும் மட்டும் இல்லை.

பாப்பம்மா மகளின் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேம்மா."

"இது இன்னிக்கித்த பதில்தானே?"

பணிப்பாளர் கரும்பலகையில் முதுகை ஒட்டி நின்றார். இருக்கச் சொன்னார்கள், வேண்டாம் என்றார். தேநீர் கொடுத்தார்கள்; நின்றபடியே குடித்தார். பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து இருளப்பனிடம் வந்தார். முதுகு சுவரை விடவில்லை.

"டிரைவருக்கு ஒரு செய்தி அனுப்ப வேணும். துரை பங்களாவில நிக்கிறான். உங்கட பெட்டி அங்க எடுக்குமோ?"

"எடுக்குங்க சேர். பங்களா வாச்சர் ஊட்டுல ஒண்ணு இருக்கு. ஆனா நனைஞ்ச சுவரு சிக்னல மறிக்குது, பொட்டிய யாராச்சும் ஜன்னல்கிட்ட ஒசத்திப் பிடிக்கணும்."

இருளப்பன் ஆலையிலிருந்து உபரிப் பெட்டி ஒன்றை ஒரு பற்றரியோடு கொண்டு வந்திருந்தார். பணிப்பாளர் அதை வாங்கித் தலைக்கு மேலே பிடித்தார். படப்பிடிப்பாளர் தன் தொழிலை மறக்காதவர். ஒரு படம் எடுத்தார்.

பணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "இதை வேற ஆரும் வாசிக்கேலாதுதானே?"

"வாசிக்கலாம் சேர். உங்க உத்தரவுப்படி பூட்டு கழட்டியிருக்கு. வழியில இருக்கிற எல்லா ஊட்டுலயும் தெரியும்."

பணிப்பாளர் அறையைப் பார்த்தார். நாற்பத்து மூன்று தலைவர்களும் அங்கேதான் இருந்தார்கள். எல்லோர் கையிலும் போன்.

"பூட்டைப் போடுங்கோ."

"எழுத்துல உத்தரவு வேணுங்க சேர். நான் சின்ன ஆளு."

அழைப்பிதழின் பின்புறத்தில் அவர் எழுதினார்: 'பொதுநலன் கருதி, பூட்டு உடனடியாக மீள வழங்கப்படுகிறது.' ஒப்பமிட்டார். முத்திரை இல்லாததால் பெருவிரலை மண்ணில் தோய்த்து அழுத்தினார். இருளப்பன் போனில் ஓரிடத்தில் தட்டினார். பூட்டு விழுந்தது.

பணிப்பாளர் ஒற்றைக் கையால் பெட்டியைத் தாங்கியபடி, மறு கையால் பன்னிரண்டு நிமிடம் எழுதினார்.

"டிரைவருக்குப் பன்னெண்டு நிமிசம் எழுத என்ன இருக்கு?" என்று பாப்பம்மா மகளிடம் கேட்டாள்.

அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சாரதி ஒரு பையோடு வந்தார். பணிப்பாளர் சுவரை உரசியபடியே பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது வேறு நிறத்தில் ஒரு காற்சட்டை அணிந்திருந்தார். முதல் தடவையாக எல்லோருக்கும் முதுகைக் காட்டிக் கொண்டு நடந்தார். மலைப்பாதையில் வழுக்கி இறங்கிய வேறு பலருக்கும் அன்று துணி கிழிந்திருந்தது. ஆனால் அவர்கள் பணிப்பாளர்கள் அல்ல.

பணியகம் விசாரணை வைத்தது. தலைமைப் பெட்டியைக் கேட்காமல் செய்தியை விட்டது யார் குற்றம்? நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் எடுக்கப்பட்டது. 'வாசித்துப் பரிசீலித்தேன்' என்ற முத்திரையின் கீழ் புழு இருந்தது. மூன்று பிரதிகளிலும் இருந்தது. விசாரணை தேநீரோடு முடிவடைந்தது.

மிச்சம் இருந்தது பெட்டிகளைக் கழற்றுவதா என்ற முடிவு. அதற்குள் பணியகத்தின் செய்திமடல் வெளிவந்தது. அட்டையில் படம்: 'வலையமைப்பைத் தாங்கிப் பிடிக்கும் பணிப்பாளர்.' நிலூஷா படத்தைப் பார்த்தாள். பதினான்காம் சுற்றறிக்கையை எடுத்து மறுபடி வாசித்தாள். 'இயங்கு உபகரணத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர்.' கடமை தவறாத பெண். இணைப்புத்தாளில் நாற்பத்து நான்காவது தலைவராக சூ. யாகப்பர் என்று எழுதினாள். மறுநாள் பணிப்பாளருக்கு அவருடைய பணியகத்திலிருந்தே ஒரு பதிவுத் தபால் போனது. இரண்டு உறை, அரக்கு, ஒட்டுநாடா. அவர் ஒப்பமிட்டுப் பெற்றுக்கொண்டார்.

தனக்குத் தொடர்புள்ள விடயத்தில் அதிகாரி முடிவெடுக்கலாகாது என்பது மூன்றாம் சுற்றறிக்கை. அதையும் அவரே எழுதியிருந்தார். ஆகவே கோப்பு மேலிடத்துக்குப் போனது. மேலிடம் அதைப் பார்த்து, 'சம்பந்தப்பட்ட தலைவரின் அபிப்பிராயத்தைப் பெற்று மீளச் சமர்ப்பிக்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பியது. தலைவர்கள் நாற்பத்து நாலு பேர். கோப்போ ஒன்று.

முதலாம் வீட்டுத் தலைவர் அபிப்பிராயம் எழுதி இரண்டாம் வீட்டுக்குக் கொடுத்தார். இரண்டாம் வீடு மூன்றாம் வீட்டுக்கு. மூன்றாம் வீட்டில் ஆள் இல்லாததால் நாலாம் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாரம், இரண்டு வாரம். ஷாமலாவுக்குப் பிள்ளை பிறந்து தலை நின்றுவிட்டது. கோப்பு இப்போது பதினேழாம் வீட்டில் இருக்கிறது.

போன மாதம் நிலூஷா கேட்டு அனுப்பியிருந்தாள். இருளப்பன் மனைவியிடம் கேட்டார். பாப்பம்மா மேலே கையைக் காட்டினாள். கூரைச் சட்டத்தில் பெட்டி சற்றுச் சாய்ந்தே இருந்தது. எத்தனை தடவை சொல்லியும் இருளப்பன் ஏணி போடவில்லை. அதனால் அவளே ஏறி, அடியில் மொத்தமாக ஏதோ முட்டுக் கொடுத்திருந்தாள். பழுப்பு அட்டை, சிவப்பு நாடா.

"எடுத்துறாதீங்க," என்றாள். "அது வந்ததுக்கப்புறம்தான் மேல்பிரிவு தெளிவாக் கெடைக்குது."